இரு கரையில் இரண்டு தாளம்

பிடித்திருந்த கம்பிவடம் கைக்குள் துள்ளியதை நான் இன்னும் மறக்கவில்லை. கண்டிப் பக்கம் கலஹாவுக்கு அப்பால், ஒரு தேயிலைத் தோட்டத்து ஆற்றின் மேல் நாங்கள் புதிதாகக் கட்டியிருந்த தொங்கு பாலம் அது. அம்மன் திருவிழா நெருங்கியிருந்தது. தோட்டத்து இளைஞர்கள் தப்பு மேளம் அடித்துக்கொண்டு, ஒத்திகை பார்ப்பதுபோல் அதன்மேல் ஆடி வந்தார்கள். பலகைகள் அலை அலையாக எழும்பின. நடுவில் நின்ற நான் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். கரையில் நின்ற எங்கள் ஓவர்சியரின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அவர் கண்டி டவுன்காரர், தோட்டத்தில் வேதக்காரர் என்று சொல்லும் கிறிஸ்தவர், எதையும் சத்தம் போடாமல் சொல்பவர். நான் அவருக்குக் கீழே சாமான் பொறுப்பில் இருந்தேன். தோட்டத்து ஆட்கள் முதலில் லொறி போகிற கொங்கிரீட் பாலம்தான் கேட்டார்கள். அதற்கு ஆற்றின் நடுவே தூண் நிறுத்த வேண்டும். மழைக்கு உருண்டு வரும் பாறைகள் அதை விட்டுவைக்காது. தொங்கு பாலத்துக்கு நடுத்தூண் வேண்டாம். இரு கரையிலும் கோபுரங்கள், அவற்றின் மேல் இரும்பு வடங்கள், வடத்தின் நுனிகளைப் பிடித்துக்கொள்ள மண்ணுக்குள் புதைத்த கொங்கிரீட் கட்டைகள், வடத்திலிருந்து தொங்கும் கம்பிகளில் நடைப்பலகை, அவ்வளவுதான். சும்மா நடந்து போனால் ஒன்றும் ஆகாது. எல்லோரும் ஒரே தாளத்துக்குக் கால் வைத்தால்தான் வினை. ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவது மாதிரி ஆட்டம் ஏறிக்கொண்டே போகும்.

திருவிழாவன்று அக்கரையில் பால்குடம் எடுக்கும் பெண்கள் இந்தப் பாலத்தின் வழியாகத்தான் கோயிலுக்கு வர வேண்டும். கீழே ஆறு நிறைந்து ஓடியது. ஓவர்சியர் கோயில் தலைவரிடம், “பாலத்துல மட்டும் தப்ப நிப்பாட்டுங்க” என்று கேட்டார்.

“பால்குடம் கோயில்ல எறங்குற வரைக்கும் தப்பு நிக்கக்கூடாதுங்க. வேதக்காரருக்கு இது எங்க தெரியப்போகுது” என்றார் தலைவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓவர்சியருக்கு வரவில்லை, அல்லது வந்ததை விழுங்கிவிட்டார். தலைவர் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“சரி, நிப்பாட்ட வேணாம். அந்தக் கரையில ஒரு செட், இந்தக் கரையில ஒரு செட் நின்னு அடிக்கட்டும். ஆனா ரெண்டும் வேற வேற அடியா இருக்கணும். பொம்பளைங்க நாலு நாலு பேரா நடந்து வரட்டும்.”

தலைவர் யோசித்துத் தலையாட்டினார்.

திருவிழாவன்று பாலத்தின் நடுவில் இரண்டு தாளமும் முட்டிக்கொண்டன. எவருக்கும் கால் சேரவில்லை. சில பெண்கள் குடத்தைப் பிடித்தபடி சிரித்தேவிட்டார்கள். பாலம் லேசாக அசைந்ததோடு சரி. கடைசிக் குடம் கரையேறும்வரை ஓவர்சியர் வடத்திலிருந்து கையை எடுக்கவில்லை. நான் அவரைவிட அதிகமாகப் பயந்திருந்தேன்.

போன வருஷத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பழைய இளைஞர்கள் பலர் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்கள். தப்பு அடிப்பவர்கள் புது ஆட்கள். ஆனால் இரு கரையிலும் அதே இரண்டு தாளம். ஏன் இப்படி என்று ஒருவரிடம் கேட்டேன்.

“அம்மனுக்கு அப்புடித்தாங்க புடிக்கும். ஒரே அடி அடிச்சா கோவிச்சுக்கும்.”

ஓய்வு பெற்றுக் கண்டியில் இருக்கும் ஓவர்சியருக்கு அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

“நீங்க வெளக்கம் ஒண்ணும் சொல்லிறலையே?”

“இல்லங்க சேர்.”

“சொல்லிறாதீங்க. நான் சொன்னதுன்னா ரெண்டு வருஷத்துல விட்டுருவாங்க. அம்மன் சொன்னதாவே இருக்கட்டும்.”