தண்ணீர் தானாகப் போய்விடும்

எங்கள் காபிக் கடைக்குத் தரை போட்ட அன்று மேஸ்திரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "கழுவுற தண்ணி எங்கம்மா போவணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதெல்லாம் ஒரு கேள்வியா? "பின்னாடி பைப் வச்சு வெளிய விடுங்க மேஸ்திரி, அது தானா போயிடும்" என்றேன். அவர் ஒரு தினுசாகப் பார்த்தாரே தவிர மறுத்துப் பேசவில்லை. டவுன்ஷிப் அம்மா சொல்கிறாள், யோசித்துத்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்திருப்பார், பாவம்.

நான் எங்கே யோசித்தேன்? நெய்வேலி குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸிலேயே வாழ்க்கைப்பட்டவள். அப்பாவும் மைன்ஸில் பெர்மனென்ட், கட்டிக்கொண்டவரும் பெர்மனென்ட். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். எது கெட்டாலும் கம்ப்ளெயிண்ட் எழுதி வைத்துவிட்டு வந்தால் யாராவது பையைத் தூக்கிக்கொண்டு வந்து சரிசெய்துவிட்டுப் போவார்கள். ஒரு ஆணி அடிக்கக்கூட நாங்களாக ஆள் தேடியதில்லை. வீட்டுச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அன்றுவரை நான் எட்டிப் பார்த்ததே இல்லை. சொன்னால் வெட்கக்கேடு.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். கைக்கு வந்ததை எல்லாம் டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுக்கு வெளியே ஒரு கிளைச் சாலையில் கொண்டுபோய்க் கொட்டினோம். முன்னால் கடை, பின்னால் ஒற்றை அறை. அந்த அறைதான் இனி எங்கள் வீடு. கடை ஓடினால்தான் சோறு. ஓடாவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

ஆழம் தெரியாமல் காலை விட்டோம் என்பது வேலை ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. போர் போட்டபோது குழாயை இறக்கிக்கொண்டே போனார்கள், இவர் முகமும் கூடவே இறங்கிக்கொண்டே போனது. பெரிய ஃபிரிட்ஜை வாங்கிவந்து வாசலில் நிறுத்திய பிறகுதான் அது நிலைக்குள் நுழையாது என்று தெரிந்தது. பூசிக் காயாத நிலைச்சுவரை இடித்தோம். ஒருநாள் சிங்க் குழாய் சொட்டியது. இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "கம்ப்ளெயிண்ட் குடுத்தியா?" என்றார்.

"யாருகிட்ட குடுக்குறது? நான் உங்ககிட்ட குடுக்கவா, நீங்க எங்கிட்ட குடுக்குறீங்களா?" என்று கத்தினேன். மனுஷன் எழுந்துபோய் ஸ்பேனர் வாங்கி வந்தார். அதை எப்படிப் பிடிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எனக்குக் கவலையே இல்லை. சிங்க்கில் ஊற்றியது எல்லாம் மடமடவென்று பின்சுவர் பைப் வழியாகப் போனது. கடைக்குப் பின்னால் ஒரே முள்ளுக்காடு, சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. டைல்ஸை ஆசிட் ஊற்றிக் கழுவிய தண்ணீர், பாய்லர் கழுவிய தண்ணீர், எல்லாம் அந்த வழிதான். பிறகு இவர் காபி போட்டுப் பழக ஆரம்பித்தார். டிகாஷன் திக்காகிவிட்டது என்று ஒரு பாத்திரம் கொட்டுவார், தண்ணியாகிவிட்டது என்று இன்னொன்று கொட்டுவார். சிங்க்கைக் காட்டி, "பாத்தியா, எவ்ளோ நல்லா போவுது" என்று பெருமை வேறு.

திறப்புக்கு முந்தின நாள் வாசலில் நான் மாவிலை கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் வந்து படிக்குக் கீழேயே நின்றார். என் வயதுதான் இருக்கும். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தார், காலெல்லாம் சேறு. வேலை கேட்டு வந்தவர் என்று நினைத்து, "ஆளு இன்னும் எடுக்கலம்மா" என்றேன்.

"வேலைக்கு வரலங்க. பின்னாடி வூடு எங்களுது" என்றார். சண்டை போடுகிற குரலே இல்லை, பஸ் எப்போது வரும் என்று கேட்பதுபோலக் கேட்டார். "எங்கள எப்பங்க காலி பண்ணச் சொல்லுவீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்குக் காலி பண்ணணும்? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலங்க. தண்ணி வந்துகினே இருக்குது. நாங்களும் அள்ளி அள்ளி ஊத்திக்கினுதான் இருக்கோம். மேஸ்திரிய கேட்டதுக்கு, அம்மாதான் இந்தப் பக்கம் வுடச் சொன்னாங்கன்னாரு. நீங்க டவுன்ஷிப்புக்காரங்க, எல்லாம் அளந்து பாத்துதான் பண்ணுவீங்க. தேதி தெரிஞ்சா வேற எடம் பாக்கலாம்னு வந்தேன்."

நான் மாவிலையைப் போட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன். முள்ளைச் சுற்றிப் போனால் நிலம் அப்படியே பள்ளமாக இறங்குகிறது. அந்தப் பள்ளத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்ன வீடு. நான் விட்ட தண்ணீர் முழுக்க அந்த வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. அடுப்பங்கரை மண்தரை, அதில் கணுக்கால் அளவு நின்றது. அடுப்புக்குள்ளே சாம்பலும் என் காபித்தூள் சக்கையும் ஒன்றாக ஊறிக்கொண்டிருந்தன. அந்த இடமே காபி வாசனை.

அதைவிட மோசம் உள்ளே இருந்தது. பாத்திரம், துணி, அரிசி எல்லாவற்றையும் சாக்குகளில் கட்டிச் சுவர் ஓரம் செங்கல் மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். வெளியே எடுத்து வைத்திருந்தது ஒரு சட்டியும் இரண்டு தட்டும்தான். கம்மாபுரம் பக்கத்தில் இருந்த நிலமும் வீடும் சுரங்கத்துக்குப் போன பிறகு, கிடைத்த காசில் இங்கே வந்து கட்டிக்கொண்டார்களாம். அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றார். நான் யார்? காபிக் கடை வைக்கத் தெரியாமல் முழிக்கிற பொம்பளை. என்னைப் பார்த்து அந்த மனிதர் ஏன் எழுந்து நிற்க வேண்டும்?

"வந்து சத்தம் போட்டிருக்கலாமே, ஏங்க்கா போடல?" என்று நான்தான் சத்தம் போட்டேன். அந்த அம்மாள் முட்டியைப் போட்டு உட்கார்ந்து மறுபடியும் அள்ள ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து அள்ளினேன்.

திறப்பை நிறுத்தினோம். பைப்பைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொன்னேன். கடைக்கு முன்னால், நாற்காலி போட வைத்திருந்த இடத்தில், புது டைல்ஸைப் பெயர்த்து கழுவுகிற தண்ணீர் இறங்க மேஸ்திரி குழி தோண்டிச் சிமெண்ட் உறை இறக்கினார். அழகழகாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட டைல்ஸ் உடைகிற சத்தம் கேட்டு இவர் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். மேஸ்திரி மட்டும், "அன்னைக்கே கேட்டேனேம்மா" என்றார். "கேட்டீங்க. ஓங்கிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர்மேலும் பாய்ந்தேன். வேறு யார்மேல் பாய்வது?

நாற்காலி இல்லாமல், நின்று குடிக்கிற கடையாகத்தான் திறந்தோம். ஏதோ ஓடுகிறது. திறந்த அன்று ஒரு தூக்கில் காபி எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அடுப்பங்கரை காய்ந்து, மண் மெழுகி, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சாக்குகள் மட்டும் கட்டியது கட்டியபடியே செங்கல் மேல் இருந்தன.

"இனிமே சொட்டுத் தண்ணி வராதுக்கா. உங்கள யாரும் போகச் சொல்லவும் மாட்டாங்க. அதையெல்லாம் பிரிச்சு வைங்க" என்றேன்.

அவர் தூக்கை வாங்கிக்கொண்டார். "இருக்கட்டுங்க" என்றார். "எங்க ஊர்லயும் மொதல்ல அப்படித்தாங்க சொன்னாங்க."