வக்கீலுக்குக் கொடுத்த சிங்கிள் மால்ட்

இன்று மதியம் சித்தப்பாவுக்குக் கருமாதி. அவர் மகன் முருகேசன் மேல் நான் நிலத்தகராறு கேஸ் போட்டு நான்கு வருஷம் ஆகிறது. ஆனாலும் பங்காளி. போகாமல் இருக்க முடியாது.

சடங்கு முடிந்ததும் ஆண்களெல்லாம் வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்குப் போனோம். கேஸே அந்தக் கொட்டகை யாருக்கு என்பதில்தான்.

முருகேசன் ஒரு ஸ்காட்ச் பாட்டிலை அட்டைப்பெட்டியோடு எடுத்தான். "ஒங்களுக்குன்னுதாண்ணே வச்சிருந்தேன். சிங்கிள் மால்ட்டாம்."

பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஊரில் யாரும் பெயர்கூடக் கேட்டிராத சரக்கு. மச்சான் சிங்கப்பூரில் எனக்காகத் தேடி வாங்கியது. விலை ஸ்டிக்கரை நான் உரித்தபோது அட்டைப்பெட்டியின் ஓரம் கிழிந்தது. அதே கிழிசல். பொங்கலுக்கு அதை வாய்கூட வைக்காமல் என் வக்கீலிடம் கொடுத்திருந்தேன்.

"யாருடா குடுத்தா?"

"ஒங்க வக்கீல் சாருதாண்ணே. அவருக்கு ரம்முதான் புடிக்குமாம். வாய்தாவுக்கு வாய்தா நம்ம கார்லதான வர்றாரு, ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

ஒரு மடக்கு குடித்தேன். முதலில் தேன், பிறகு வறுத்த முந்திரி, கடைசியில் வைக்கோல் புகை மாதிரி ஒன்று தொண்டையில் நின்றது. இவ்வளவு நல்ல விஸ்கியைப் பற்றி ஏன் ஒருவரும் பேசுவதில்லை?

"எப்படிண்ணே இருக்கு?"

"இன்னொன்னு ஊத்து" என்றேன்.

திங்கட்கிழமை வாய்தா. கும்பகோணம் பக்கம் நல்ல சிவில் வக்கீல் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். குடிக்காதவராக இருக்கட்டும். அடுத்த பாட்டிலையாவது நான் என் வீட்டில் உட்கார்ந்து குடிக்கிறேன்.