புது மிஷினில் போடாத துணி

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் வாஷிங் மிஷின் பழுதானது. துவைக்கிற தொட்டி முனகிக்கொண்டாவது சுற்றியது. பக்கத்திலிருந்த ட்ரையர் அடியோடு போய்விட்டது. என் கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து அப்பா சீர்வரிசையாக அனுப்பிய மிஷின். ராஜபாளையத்துக்கு வந்த பிறகு எங்கள் வீட்டு போர்வெல் உப்புத் தண்ணீர் அதன் அடித்தகரத்தை அரித்துவிட்டது.

"அக்கா, இதுல இனி கை வைக்கிறது வேஸ்ட். புதுசு பாத்துருங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனார்.

வேறு வீடாக இருந்தால் வெயில் வரட்டும் என்று இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் மாமனார் படுக்கையில் கிடந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்து, பேச்சும் குழறிப்போயிருந்தது. தினமும் விரிப்பு, வேட்டி, துண்டு எல்லாம் நனையும். நான் ஒரு பேண்டேஜ் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தேன். காலையில் துவைத்துப் பிழிந்து ஹாலில் கொடி கட்டிப் போட்டுவிட்டுப் போனால், சாயங்காலம் வரும்போதும் அது ஈரமாகவே தொங்கும். வீடு முழுக்க மூத்திர வாடை அடிக்கும்.

கணவரிடம் சொன்னேன். "அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றார். மாமனார் விழுந்த பிறகு அந்த வீட்டில் எல்லாம் அத்தை சொல்தான். அதற்கு முன்னால் அத்தை சத்தமாகப் பேசி நான் கேட்டதே கிடையாது.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாங்கலாம். அவிய வாயால கேக்கட்டும், பொறவு வாங்கலாம்."

"மாமாவுக்குப் பேச்சே வரமாட்டேங்குதே அத்தை."

"தண்ணி கேக்க வருதுல்லா? அதே வாயிதான்."

கதவு திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் மாமா விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

அதிகாரம் பண்ணியே பழகிய மனுஷன். பல நாள் கேட்காமல் ஈரத்திலேயே கிடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருக்கும்போது இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். "மி... மிசினு... வாங்கு."

அத்தை பக்கத்தில் போய் நின்றார். "என்ன? கேக்கல."

"மிசினு."

"யாருக்கு?"

"எ... எனக்கு."

"சத்தமாச் சொல்லுங்க. உங்க மகன் காதுல விழட்டும்."

மாமா திரும்பவும் சொன்னார். வாயோரம் எச்சில் வழிந்தது. கணவர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அத்தை முந்தானையால் அந்த எச்சிலைப் பதமாகத் துடைத்துவிட்டார்.

"இவன் வயித்துல இருக்கையில நான் கேட்டேனே, ஞாபகம் இருக்கா? குனிஞ்சு யூனிபாரம் தொவைக்க முடியல, ஒரு ஆளு வைங்கன்னு. கையி எதுக்கு இருக்குன்னு கேட்டிய. கஞ்சி சரியாப் போடலன்னு அந்தக் கையத்தான் முறுக்குனிய."

அத்தை தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அந்த முழங்கை முழுசாக நீளாது. பிறவியிலேயே அப்படி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அந்தக் கையி இன்னும் இருக்கு. உங்களுக்கு அது போதும்."

மாமா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. அதை யாரும் துடைக்கவில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கத்துக் கடையில், என் பேரில் தவணை எழுதி, புது மிஷின் வாங்கி லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். சண்டை வரும் என்று நினைத்தேன். அத்தை குங்குமம் வைத்து, சூடம் காட்டி அதை உள்ளே சேர்த்தார். ஆனால் நான் மாமாவின் விரிப்பைப் போட்டதும் வந்து வெளியே இழுத்தார்.

"உன் துணியப் போடு. என் மகன் துணியப் போடு. என் சேலையயும் போடு. அவிய துணி இதுல விழப்பிடாது. அத நான் தொவைக்கேன்."

கொல்லையில் துவைகல் இருந்தது. மாமாவின் கட்டிலைத் திருப்பி, ஜன்னல் வழியாகக் கல் தெரிகிற மாதிரி போடச் சொன்னார். தினமும் காலையில் அந்த மடங்கின கையோடு விரிப்பை அடித்துத் துவைத்தார். ஒவ்வொரு அடிக்கும் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். ஒருநாள் அவருக்குத் தெரியாமல் விரிப்பை மிஷினில் போட்டேன். சுற்றி முடிந்ததும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லில் மறுபடி துவைத்தார்.

மாமா தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டார். காப்பி கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வார். "கொஞ்சமாவது குடிங்க மாமா" என்று கெஞ்சுவேன். கண்ணாலேயே ஜன்னலைக் காட்டுவார்.

அத்தைக்கு அதுவும் புரிந்துவிட்டது. "குடிக்கலன்னா நனையாதுன்னு பாக்காரு." தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், கரண்டி கரண்டியாக ஒரு செம்புத் தண்ணீரையும் புகட்டி முடித்தார்.

"பாவம் அத்தை, விட்டுருங்க" என்றேன்.

"நீ பாவம் பாருட்டி, வேண்டாங்கல. எனக்கு யாரும் பாக்கல."

மாசி மாதம் மாமா போய்ச் சேர்ந்தார். சோழபுரத்திலிருந்து சொந்தக்காரப் பெண்கள் வேனில் வந்து இறங்கி, அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த விரிப்பைப் பார்த்து ஒருத்தி சொன்னாள்: "கடைசி வரைக்கும் புருசன் துணிய மிசின்ல போட விடலயாம். நொண்டிக் கையால அவளே தொவைச்சிருக்கா. இந்தக் காலத்துல எவ செய்வா?"

இன்னொருத்தி புது மிஷினைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மருமகளுக்கு எம்புட்டு பெரிய மிசினு! மாமனாரு விரிப்ப அதுல போட மனசு வரல."

அத்தைக்கு அது நன்றாகவே கேட்டது. மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டு, "வந்தவியளுக்குக் காப்பி குடு" என்றார். நான் தட்டோடு வந்தேன். மிஷினைப் பற்றிச் சொன்ன அந்தப் பெண் டம்ளரை எடுக்கும்போது என் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"கையி நல்லா மெத்துன்னு இருக்கும்மா உனக்கு" என்றாள்.