ஆல்பத்தில் ஏறிய ‘வாரேன்’

பிள்ளைகளே, டொரண்டோவில் நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் தும்மக்கூடாது. உள்ளே பாட்டுப் பதிவு நடக்கிறது என்று அர்த்தம். ஏசி ஓடும் சத்தம்கூட ஆகாது. அதை நிறுத்துவதும் மறுபடி போடுவதும்தான் என் வேலை. சிங்காநல்லூரில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் இருந்தபோது மோட்டார் ஓடாவிட்டால் திட்டு விழும். இங்கே ஏசி ஓடினால் விழுகிறது.

சென்ற ஆண்டு ஒரு ஜாஸ் குழு ஆல்பம் பதிய வந்தது. ஐந்து பேர். பாட்டு முடிந்தது என்று நான் ஏசியைப் போடப் போவேன், சாக்ஸபோன்காரர் மறுபடி ஆரம்பிப்பார். பாடுகிற ரூத் அம்மாள் அழுவது போலப் பாடிவிட்டு உடனே சிரிப்பார். அது சோகமா சந்தோஷமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் காலை இடைவேளையில் மைக் பக்கம் நின்று வீட்டுக்குப் பேசினேன். “சரிங்க அம்மணி, வாரேன்” என்று மகள் யாழினியிடம் சொல்லிப் போனை வைத்தேன். மைக் அணைக்கப்படாததால் அது பதிவாகிவிட்டது. ரூத் அர்த்தம் கேட்டார். வருகிறேன் என்று அர்த்தம் என்றேன். ஊருக்குப் போகிறாயா என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இல்லை, விடைபெறும்போது சொல்வது என்றேன். போகிறவர் எப்படி வருகிறேன் என்பார் என்று கேட்டார். போறேன் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என்ன புரிந்ததோ, கண் கலங்கினார். பாட்டில் சேர்க்கலாமா என்றார். சரி என்றுவிட்டேன்.

கோவை விமான நிலையத்திலும் அதையேதான் சொல்லிவிட்டு வந்தேன். அப்போது யாழினிக்கு ஆறு வயது. பக்கத்துக் கடைக்குப் போகிறவனுக்கு ஆட்டுவது போலக் கையாட்டினாள். மூன்று வருஷம் ஆகிவிட்டது. இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை. இப்போது கிளம்பினால் திரும்பி நுழைய முடியுமா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

போன வாரம் ஆல்பம் வெளியானது. பாட்டை வீட்டுக்கு அனுப்பினேன். கடைசியில் ரூத் ‘வாரேன், வாரேன்’ என்று பாடிக்கொண்டே போகிறார்.

“ஏனுங்க, இந்த இழு இழுக்கறாங்க, வார்த்தைக்குச் சுளுக்கிக்கப் போகுது” என்று என் மனைவி சிரித்தாள். பிறகு யாழினி போனை வாங்கினாள்.

“இத்தன தடவ வாரேன்னு சொல்றாங்களே, அவங்க வந்துட்டாங்களாப்பா? இல்ல, உங்களாட்டந்தானுங்களா?”

காகிதம் வரட்டும் கண்ணு என்றேன். ம் என்றாள். பேச்சை முடிக்க வேண்டும். வாரேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. வேறு வார்த்தையும் அகப்படவில்லை. அவளும் வைக்கவில்லை. ஒரு காதில் சிங்காநல்லூர் பஸ்ஸின் ஹாரன், மறு காதில் தெருவில் பனி அள்ளும் வண்டி. யார் முதலில் வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.