நாலு பங்குக் கிணறும் நாலு நாட்டுப் பந்தும்

அந்தப் பச்சைதானுங்க மொதல்ல கண்ணுல பட்டுது. சொசைட்டியில பாலை ஊத்திப்போட்டு, வெறுங் கேனை ஆட்டிக்கிட்டு ஊட்டுக்குள்ள நொழையறேன், டிவி முச்சூடும் பச்சைப் பசேல்னு புல்லு, அது மேல சுத்திச் சுத்தித் தண்ணி பீச்சி அடிக்குது. எங்க சேந்தமங்கலத்துப் பக்கம் கோடையில மாட்டுக்குப் போடறதுக்கு ஒரு கைப் பச்சை கெடைக்காதுங்க, காஞ்ச சோளத்தட்டைதான். அங்க என்னடான்னா ஆடும் திங்காத, மாடும் திங்காத புல்லுக்கு அத்தனை தண்ணி. "ஏஞ்சாமி, இது யாரு தோட்டம்?"னு எம்பட பேத்தியைக் கேட்டேன். அது சிரிச்சு உருண்டுருச்சு. "தோட்டமில்ல அம்மாயி, பந்தாடற எடம். நனைச்சு உட்டா பந்து நல்லா ஓடும்"னுது.

எனக்கு எழுத்து வாசனை கெடையாதுங்க. நான் சொல்லச் சொல்ல அந்தப் பேத்திதான் செல்லுல ஏத்துது. பேச்சு அக்கட்டால இக்கட்டால போச்சுன்னா நீங்கதான் பொறுத்துக்கோணும்.

அன்னைக்கு உக்காந்தவதான். அப்புறம் தெனமும் பாலை ஊத்தினதும் ஓட்டமா ஊட்டுக்கு வந்துருவேன். அந்த ஆட்டம் எங்கியோ கடலுக்கு அக்கட்ட நடக்குதாம், அவிங்களுக்குப் பொழுது சாயற நேரம் நமக்குக் காத்தால. எத்தனை வெதமான ஆளுங்கறீங்க. ஒருத்தன் தலைமுடி சேவக் கொண்டையாட்டம் நிக்குது. ஒருத்தன் தொட்டா உழுகறான், உழுந்தா உருள்றான், காலே போச்சுங்கற மாதிரி கத்தறான், நான் அய்யோ பாவம்னு எந்திரிக்கறதுக்குள்ள அவன் எந்திரிச்சு ஓடறான். எனக்கும் பேத்திக்கும் புடிச்சது ஒரு குட்டி நாடு. அந்த நாட்டுல கோலு தடுக்கறவன் எங்கூரு லாரிக் கிளீனராட்டவே ஒல்லியா, கண்ணு மட்டும் பெருசா இருப்பான். "பாரு, நம்ம பையன் புடிச்சுட்டான்"னு சொல்லுவேன். பக்கத்தூட்டுக்காரி சன்னல்ல எட்டிப் பாத்து, "ஏனக்கா, அந்த நாட்டுல பொண்ணு கட்டிக் குடுத்துருக்கறீங்களா?"ன்னா. "ஆமாண்டி, சீரு அனுப்பத்தான் உக்காந்துருக்கறேன்"னேன்.

மொத சுத்து எப்படின்னா, நாலு நாட்டை ஒட்டுக்காச் சேத்து ஒரு கும்பலாக்கி உட்டுருவாங்களாம். ஒவ்வொருத்தரும் மத்த மூணு பேரோடவும் ஒரு தடவை ஆடோணும். கடைசியில மேல நிக்கற ரெண்டு பேரு அடுத்த சுத்துக்கு, மத்தவிங்க ஊட்டுக்கு. பேத்தி வெரலை நீட்டி மடக்கி ஒரு பொழுது முச்சூடும் சொல்லித் தரலாம்னு உக்காந்துது. எனக்கு ஒரே தடவையில வெளங்கிருச்சு. "நாலு பங்கு, மொறை வெச்சு, அவ்வளவுதான?"ன்னேன். அது முழிச்சுது. அப்பவே எனக்கு எங்க பழைய கிணறு நெனப்புக்கு வந்துருச்சுங்க.

கும்பலோட கடைசி நாளு, ரெண்டு ஆட்டம் ரெண்டு ஊர்ல ஒரே நேரத்துல நடந்துது. எங்க குட்டி நாடு ஒரு பக்கம் ஆடி செயிச்சுக்கிட்டு இருக்குது. இன்னொரு பக்கம் ரெண்டு பெரிய நாடு ஆடுது. அந்த ரெண்டுல எவனாவது ஒருத்தன் செயிச்சா தோத்தவன் வெளிய, எங்க குட்டி நாடு உள்ள. ரெண்டு பேரும் சமமா முடிச்சுக்கிட்டா ரெண்டு பேருமே மேல, குட்டி நாட்டுக்கு வழியில்ல. பேத்தி அந்தப் பெரிய நாட்டு ஆட்டத்தைத்தான் வெச்சுச்சு.

அப்ப பாத்தனுங்க. ஆளுக்கு ஒரு கோலு போட்டுட்டு, அதோட சரி. இவன் அவனுக்குத் தட்டறான், அவன் பின்னாடி நிக்கறவனுக்குத் தட்டறான், பின்னாடி நிக்கறவன் காலுக்கடியில வெச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கறான். எதுத்த கட்சிக்காரன் புடுங்க வரோணுமில்ல? வர்ற மாதிரி ரெண்டு தப்படி வெச்சுப்போட்டு நின்னுக்கறான். பந்து வெளிய போனா அதை எடுக்க நடந்து போறான், தேர் பாக்கப் போறவனாட்டம். சுத்தி உக்காந்துருந்த சனமெல்லாம் ஊளை உடுது. பேத்தி செவுத்துல தலையணையை வீசுச்சு. "ஆடுங்கடா, ஆடுங்கடா"ன்னு அழுவுது. "இது தப்பில்லையா, மஞ்சச் சீட்டு காட்ட மாட்டாங்களா?"ன்னேன். "எந்தத் தப்பும் பண்ணலியே அம்மாயி. சும்மாதான நிக்கறாங்க"ன்னுது.

சும்மாதான நிக்கறாங்க. அதைக் கேட்டதும் எனக்கு மூஞ்சியெல்லாம் தீயாட்டம் ஆயிருச்சு. அந்த மாதிரி சும்மா நின்ன ரெண்டு பேரை நான் பாவாடை கட்டுன வயசுலயே பாத்துருக்கறனுங்க. ஒருத்தரு என்னையப் பெத்த அய்யன். இன்னொருத்தரு பெரியய்யன்.

எங்க பாட்டன் வெட்டுன கிணறு ஒண்ணு. அவருக்கு நாலு மகன், அதனால நாலு பங்கு. பெரியய்யன் மூத்தவரு, எங்கய்யன் அடுத்தவரு. மூணாவது சித்தப்பன் கலியாணமாகிக் கொஞ்ச வருசத்துலயே காய்ச்சல்ல போயிட்டாரு, அவரு பங்கை அவரு பொண்டாட்டி, எங்க சின்னாத்தாதான் பாத்துக்கிட்டாங்க. கடைசிச் சித்தப்பன் லாரிக்குப் போயிட்டாரு, அவரு பங்கு தரிசாக் கெடந்துது. தண்ணிக்கு "மொறை" உண்டு. இன்னைக்கு உன் மொறைன்னா பொழுது கெளம்புனதுல இருந்து பொழுது எறங்கற வரைக்கும் ஊறுற தண்ணி உன்னுது. எறைக்காம உட்டுட்டயா, அந்தத் தண்ணி அடுத்த மொறைக்காரனுக்கு. அதுக்கு மேல பேச்சு கெடையாது.

அப்ப கரண்டும் கெடையாது, மோட்டாரும் கெடையாது. மாட்டைப் பூட்டி, "பறி"ன்னு தோல்ல தெச்ச பெரிய பையைக் கிணத்துக்குள்ள எறக்கி இழுக்கோணும். சின்னாத்தா கிட்ட மாடுமில்ல, பறியுமில்ல. அவிங்க மொறை வந்தா எங்கய்யன் மாட்டைக் குடுப்பாரு, பெரியய்யன் பறியைக் குடுப்பாரு. அதுக்குப் பதிலு சின்னாத்தா ரெண்டு பேரு தோட்டத்துலயும் களை வெட்டிக் குடுக்கோணும். ஒரு நாளும் அவிங்க வெட்டாம இருந்ததில்ல. குனிஞ்சா குனிஞ்சதுதான், பாட்டுக்கூடப் பாடுவாங்க, நல்ல தொண்டை.

அந்த வருசம் கொல்லிமலை மேல மேகம் வரும், நிக்கும், அப்படியே போயிரும். கிணத்துல தண்ணி அடியில ஒரு மூலையில கெடக்குது. மூணு பேரும் சின்ன வெங்காயம் நட்டுருந்தாங்க, காயி பெருக்கற சமயம், ஒரு தண்ணி பாஞ்சுட்டாப் போதும், இல்லீன்னா சுருட்டிக்கும். சின்னாத்தாளுக்கு அந்த வெங்காயம் வந்தாத்தான் பங்கைக் கையில வெச்சுக்க முடியும். வரலீன்னா பூமியை உட்டுப்போட்டுத் தறிக்குப் போறதுதான் கதின்னு எல்லாருக்கும் தெரியும். அப்ப வந்துது அவிங்க மொறை.

என்னைய மடை மாத்தறதுக்குச் சின்னாத்தா கூட்டிக்கிட்டாங்க. காஞ்ச வாய்க்காலுக்குள்ள மம்முட்டியோட நாங்க ரெண்டு பேரும் நிக்கறோம். கிணத்து மேட்டுல வேப்ப மரத்தடியில பெரியய்யன் பறியை மடியில போட்டுத் தெச்சுக்கிட்டு இருக்கறாரு. எங்கய்யன் செவலைக் காளையோட காலை எடுத்துத் தொடை மேல வெச்சுக்கிட்டு வெளக்கெண்ணெய் போட்டு நீவிக்கிட்டு இருக்கறாரு.

"ஏனுங் மாமா, பொழுது கெளம்பி வெகு நேரமாச்சுங்களே"ன்னாங்க சின்னாத்தா.

"பறி கிழிஞ்சு கெடக்குது அம்மிணி. தெச்சுக்கிட்டுத்தான இருக்கறேன்"னாரு பெரியய்யன்.

"செவலைக்குக் காலு பெசகிருச்சு. சித்த நேரம் பொறு"ன்னாரு எங்கய்யன்.

பொறுத்தோம். பெரியய்யன் ஒரு தையல் போடுவாரு, தூக்கிப் புடிச்சு வெளிச்சத்துல பாப்பாரு, சரியில்லன்னு பிரிப்பாரு. எங்கய்யன் ஒரு காலை நீவி முடிச்சு அடுத்த காலை எடுப்பாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கலீங்க. ஒரு வார்த்தை பேசிக்கல. முன்னாடியே பேசி வெச்சாங்களான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பேசியிருக்க மாட்டாங்கன்னுதான் தோணுது. ரெண்டு பேருக்கும் ஒரே நெனப்பு, அதுக்குப் பேச்சு எதுக்கு? அந்த வழியா ஆட்டை ஓட்டிட்டுப் போனவரு நின்னு பாத்துட்டு, "ஏப்பா, பறி தெக்கறயா, கலியாணப் பட்டு நெய்யறயா?"ன்னு கேட்டுப்போட்டுச் சிரிச்சுக்கிட்டே போனாரு. பெரியய்யன் தலையைத் தூக்கல.

உச்சிப் பொழுது தாண்டிருச்சு. எனக்கு நின்னு நின்னு காலு கடுத்துப் போச்சு. நானு மேட்டுக்கு ஏறிப் போயி, வெவரம் தெரியாத புள்ளைதான, "செவலை நொண்டலியே அய்யா. காத்தால நாந்தான மேய ஓட்டிட்டுப் போனேன், என்னைய இழுத்துக்கிட்டு ஓடுச்சே"ன்னுட்டேன்.

எங்கய்யன் கை அப்படியே நின்னுருச்சுங்க. அடிப்பாருன்னு நெனச்சேன். அடிக்கல. காதோரமெல்லாம் வேத்து ஊத்துது. பெரியய்யன் ஊசியைத் தோல்ல குத்துனது குத்துனபடி இருக்குது. அப்ப வாய்க்காலுக்குள்ள இருந்து சின்னாத்தா சத்தம் வந்துது. "கொழந்தை வேற மாட்டைச் சொல்லுது மாமா. செவலை நொண்டறதை நானே பாத்தனுங்க"ன்னாங்க.

நொண்டலீங்க. அது அவிங்களுக்கும் தெரியும். தன் வெங்காயம் சாகுது, தண்ணி தராத ஆளு மானத்தைக் காப்பாத்தறதுக்கு அவிங்க ஒரு பொய்யி சொன்னாங்க. இப்பவாவது எங்கய்யன் எந்திரிச்சு மாட்டைப் பூட்டீருவாருன்னுதான் நான் நின்னேன். பூட்டலீங்க. வெக்கப்பட்டாரு, அது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது, வெக்கப்பட்டதுனாலதான் பூட்டல. இப்பப் பூட்டுனா இத்தனை நேரம் சொன்னது பொய்யின்னு ஆயிருமில்ல? அதுக்குப் பயந்துக்கிட்டு, மறுபடியும் அந்தக் காலை எடுத்துத் தொடை மேல வெச்சுக்கிட்டாரு. பொழுது எறங்கிருச்சு.

மறுநாள் எங்கய்யன் மொறை. செவலைக்குக் காலு தேறிப் போச்சு, பறியும் தெச்சு முடிஞ்சுது. சின்னாத்தா தோட்டத்து ஓரமாத்தான் எங்க வாய்க்கா போகும். அந்தத் தண்ணி சலசலன்னு போகுது, அவிங்க எங்க தோட்டத்துல குனிஞ்சு களை வெட்டிக்கிட்டு இருக்கறாங்க, களைப் பதிலு பாக்கி இருந்துதாம். மடையைத் தெறந்து உடு அம்மிணின்னு எங்கய்யன் என்கிட்டச் சொல்றாரு. நான் தெறந்து உட்டேன். அன்னைக்குச் சின்னாத்தா பாடல.

அவிங்க வெங்காயம் சுருண்டுருச்சு. பங்கை ரெண்டா வகுந்து பெரியய்யனும் எங்கய்யனும் ஆளுக்குப் பாதி கிரயம் பண்ணிக்கிட்டாங்க. சின்னாத்தா ஒரு தகரப் பொட்டியோட குமாரபாளையத்துக்குப் போயி, தறிக் கொட்டாயில நூலு சுத்திப் பொழச்சாங்க. அப்புறம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் அதே கிணத்துக்கு அடிச்சுக்கிட்டு சேலம் கோர்ட்டுக்கு நடந்தாங்க. பேத்தி சொல்லுது, பந்தாட்டத்துலயும் அடுத்த சுத்துல அப்படித்தானாம், நேருக்கு நேரு, ஒருத்தன் போயே ஆகோணுமாம். கேட்டுச் சிரிப்பு வந்துது. அடக்கிக்கிட்டேன்.

எங்கய்யன் கெட்டவரில்லீங்க. எனக்கு வளையலு வாங்கித் தந்தவரு, நான் காய்ச்சல்ல கெடந்தப்பத் தோள்ல தூக்கிக்கிட்டு ராசிபுரம் வரைக்கும் நடந்தவரு. ஆனா அதுக்கப்புறம் சொந்தக்காரங்க கலியாணத்துல சின்னாத்தா வந்து உக்காந்தா, அவரு பந்தியில இருந்து எந்திரிச்சுப் போயிருவாரு, சாப்பிடாமலேயே. அவிங்க என்னவோ "நல்லாருக்கீங்ளா மாமா"ன்னுதான் கேப்பாங்க.

இப்ப அங்க கிணறு இல்ல. கல்லும் குப்பையும் கொட்டித் தூத்துட்டாங்க. ரிக்கு வண்டி வந்து எத்தனையோ அடிக்குப் போர் ஓட்டியாச்சு. வாய்க்கா போன எடத்துல வண்டித் தடம். அந்தப் பங்குக்கு "சின்னாத்தா தோட்டம்"னு ஒரு பேரு இருந்துது, அதைச் சொல்லற வாயும் ஒவ்வொண்ணாப் போயிருச்சு. கோழிப் பண்ணைன்னாத்தான் இப்ப எல்லாருக்கும் தெரியும்.

இத்தனையும் செல்லுல ஏத்திப்போட்டு, பேத்தி நிமிந்து பாத்துது. பக்கத்துல தட்டுல அதுக்கு ஊத்தி வெச்ச முட்டை தோசை ஆறிக்கிட்டு இருக்குது.

"அந்தத் தோட்டம் இப்ப யாருகிட்ட இருக்குது அம்மாயி?"ன்னு கேட்டுது.

"உங்கம்மாவோட மாமன் மகன் கோழிப் பண்ணை இருக்குதில்ல, அதுதான் சாமி"ன்னேன்.

எம்பட அண்ணன் மகன்தானுங்க, எங்கய்யன் வாங்குனது அவனுக்கு வந்துது. கீறல் உழுந்த முட்டையெல்லாம் அட்டையோட எங்க ஊட்டுக்குத்தான் அனுப்புவான். பேத்தி தட்டையே பாத்துக்கிட்டு இருந்துது. குட்டி நாட்டுக்காக அன்னைக்கு அந்த அழுகை அழுத புள்ளை, இப்ப அழுகல. நானும் தலையைத் தூக்கல. சித்த நேரங் கழிச்சுத் தோசையைப் பிச்சுத் திங்க ஆரம்பிச்சுது, என்னையப் பாக்காம.