அண்ணன் மூச்சுக் கொடுத்த எஞ்சின்

எங்கள் அண்ணன் தீவின் தெற்கே சுயாக் ஊர்ப் பக்கத்தில் கரும்புத் தோட்டத்துக் கூலி வீட்டில் பிறந்தவர். அப்பா போனபின் எங்களை ஆளாக்கியவர் அவர்தான். அவரும் அண்ணியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு துண்டு நிலம் வாங்கினார்கள். வாங்கிய கையோடு தோட்டத்து வேலையை உதறினார். "இனிமே என் கரும்பை நானே வெட்டுவேன்" என்றார். அன்றிலிருந்து அவர் நடையே வேறே.

அந்த வருஷம் பார்த்து மழை ஏமாற்றியது. கரும்புக்கு நடுவில் நட்ட தக்காளிக் கன்றெல்லாம் தலை தொங்கியது. ஆறு பள்ளத்தில், நிலம் மேட்டில். கன்று போனால் அண்ணன் பழையபடி கூலிக்குத்தான் போகவேண்டும்.

தோட்டத்துப் பெரிய துரை வீட்டில் புல்வெட்டும் மெஷின் ஒன்று கெட்டு, லாயத்துக்குப் பின்னால் கிடந்தது. அண்ணன் அதைக் கேட்டு வாங்கிவந்தார். கத்தியைக் கழற்றினார். பிளக்கில் ஏறிய கரியைச் சுரண்டினார், பெட்ரோல் குழாயை ஊதிச் சுத்தம் பண்ணினார், ஆற்றுத் தண்ணீரை மேலே இழுக்க பெல்ட் மாட்டி ஒரு பழைய பம்போடு சேர்த்தார். வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டி, பெட்ரோல் டாங்கி மூடிமேல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார். மண்வெட்டிக்கே பொட்டு வைக்கிற மனுஷர், எஞ்சினை விடுவாரா?

கயிற்றை இழுத்தார், ஓடியது. தண்ணீர் மேடேறியது. கொஞ்ச நேரத்தில் இருமி நின்றுவிட்டது. மறுபடி இழுத்தால் ஓடும், மறுபடி நிற்கும்.

கூலிகளை மேய்க்கிற சர்தார் வேலியோரம் நின்று சிரித்தார். "என்னா தம்பி, மெஷினுக்குச் சளியா? திங்கக்கிழமை கரும்பு வெட்டுற கத்தியோட வேலைக்கு வந்து சேரு."

"வரேன் சர்தார், தக்காளிக் கூடையோட வரேன்" என்றார் அண்ணன். வாய்தான் சிரித்தது.

பிளக்கைப் பார்த்தார், பொறி வந்தது. குழாயிலும் அடைப்பில்லை. "தங்கச்சி, பெட்ரோல் இருக்கா பாரு."

மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. "பாதி இருக்கு அண்ணே."

"அது என்ன சத்தம்? மூடியைக் கொண்டா."

மூடியில் காற்றுப் போக ஊசிமுனை அளவு ஓட்டை. அதன்மேல் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது. உள்ளே காற்றுப் போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காதாம்.

"அடடா, சாமி கும்பிட்டு அதோட மூக்கை அடைச்சிட்டேனே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி தையல் ஊசியால் குத்தி எடுத்தார். அப்புறம் பொழுது சாயும்வரை எஞ்சின் நிற்கவே இல்லை.

அந்தத் தக்காளி ரிவியேர் தே ஸாங்கீய் ஊர்ச் சந்தைக்குப் போனது. முதல் கூடை சர்தார் வீட்டுக்கு! பிற்பாடு பெரிய துரையின் புது மெஷின் நின்றபோது அதை மாட்டு வண்டியில் ஏற்றி எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தவரும் அதே சர்தார்தான். "தம்பி, கொஞ்சம் பாருங்க" என்றார். அண்ணன் அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுத்தான் மெஷினைத் தொட்டார்.

பல வருஷம் கழித்து அண்ணன் நோயில் படுக்கையில் விழுந்த பிறகும் அந்த எஞ்சின் சத்தத்துக்கே காது கொடுத்திருந்தார். "பெட்ரோல் குறையுது, ஊத்துங்க" என்பார். போய்ப் பார்த்தால் அவர் சொன்னது சரியாக இருக்கும்.

அண்ணன் போனபோது அவர் பாடையைத் தோளில் தூக்கியவர்கள், எங்கள் அடுப்பு எரியாத நாளில் சோறு கொண்டுவந்தவர்கள், தேவாரம் பாடியவர்கள், எல்லோரும் நன்றாக இருக்கவேண்டும்.

கருமாதி முடிந்ததும் அண்ணன் மகன் எஞ்சினுக்குப் பொட்டு வைத்தான். சக்கரத்தில் வைத்தான், மூடியில் வைக்கவில்லை. கயிற்றை இழுத்தான். அண்ணன் நட்ட கரும்புக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது.