குளிருக்குப் பழகிய கை

பனி கொட்டும் ஊரொன்றின் பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவ வந்த தையல்காரனுக்கு முதல் வாரமே ‘உதறல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெயில் ஊர்க்காரன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்ததுமே பல் தந்தியடிக்கும். மற்றவர்களுக்கு இதைவிடப் பொழுதுபோக்கு வேண்டுமா?

அங்கே குளிரைப் பற்றிப் பேச்செடுத்தாலே போட்டிதான்.

"இது ஒரு குளிரா? எங்க ஊர்ல துவைச்சுப் போட்ட சட்டை பலகை மாதிரி நிக்கும்" என்பான் டயர் மாற்றுகிறவன்.

"சட்டை என்ன பெரிய சட்டை? எங்க பக்கம் மீசையே ஒடியும்" என்பான் பெயின்டர்.

உதறல் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஊரில் குளிர்காலமென்றால் விடிகாலையில் காதில் துண்டைக் கட்டிக்கொள்வோம் என்று சொல்லித் தொலைத்தான். மறுநாள் ஆளுக்கொரு துண்டைக் காதில் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்கள், பாவிகள்.

அவன் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. இருக்கை உறை தைக்கும் அறையில் ஓர் இடம் காலியாகப் போகிறது. ஹீட்டர் எரியும் அறை, கைவந்த தொழில். "குளிர்காலம் முடியற வரைக்கும் முனகாம குழாயைப் பிடி, அந்த மெஷின் உனக்குத்தான்" என்று ஃபோர்மேன் வாக்குக் கொடுத்திருந்தார். அதன்பின் கையுறைக்குள் தண்ணீர் புகுந்தாலும், விரல்கள் உயிர் போகிற மாதிரி வலித்தாலும், அவன் வாயைத் திறக்கவில்லை.

குளிர் உச்சத்தில் இருந்த ஒருநாள் காலை, வலி நின்றுவிட்டது. வலது கை விரல்களில் ஒன்றுமே தெரியவில்லை. அந்த அப்பாவி சந்தோஷப்பட்டான். வலி நின்றால் நல்லதுதானே? அதைத் தவிர வேறு அர்த்தம் உண்டென்று அவனுக்கு யார் சொன்னார்கள்? சாப்பாட்டு நேரத்தில் கையுறையைக்கூடக் கழற்றாமல் ஊரிலிருக்கும் மனைவிக்கு இடது கையால் போன் போட்டான்.

"எனக்குக் குளிர் பழகிடுச்சு. கையில ஒண்ணுமே தெரியல."

"அப்பாடா, இப்பதான் நிம்மதி! இங்கயும் குளிருதுங்க. விடிகாலைல ஃபேனை நிறுத்திட்டேன்" என்றாள் அவள்.

ஃபோர்மேனிடமும் பெருமையாகச் சொன்னான். அவர் அந்தக் குளிரிலேயே பிறந்து வளர்ந்தவர். வலி நின்றால் என்ன ஆகப்போகிறதென்று அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கையுறையைக் கழற்றச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் கழுவாத வண்டிகள் வாசல்வரை நின்றன.

"இப்பதான்டா நீ எங்க ஆளு!" என்று முதுகில் தட்டித் திரும்பவும் குழாயடிக்கு அனுப்பினார். டயர்க்காரன் கைதட்டினான். உதறல் மாலைவரை சிரித்த முகமாக வண்டி கழுவினான்.

குளிரில் உறைந்து செத்துக் கறுத்துப்போன மூன்று விரல்களையும் ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

வெயில் திரும்பியதும் அவன் தையல் அறை வாசலில் போய் நின்றான். மெஷினில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

"ஐயா, நான் ஒருநாள்கூட முனகலையே."

ஃபோர்மேன் அவன் தோளில் அன்பாகக் கை போட்டார். அதுதான் கொடுமை.

"முனகலப்பா, யார் இல்லன்னா? ஆனா ஊசில நூல் கோக்க விரல் வேணுமே. நீ கவலைப்படாத, உன்னை நான் கைவிட மாட்டேன். குழாயைப் பிடிக்க அந்தக் கை போதும். அடுத்த குளிர்காலத்துல உனக்குத்தான் சௌகரியம். வலிக்கிறதுக்கு அங்க இனிமே என்ன இருக்கு?"

"சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு அவன் வண்டி கழுவப் போனான்.